கூரைக்கேற்ற தொழிலாளி: மாரிக்கு முன் சில சிந்தனைகள்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று எமது முன்னோர் சொல்லிவைத்தார்கள். அவர்கள் வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீட்டை நினைத்தே அப்படிச் சொன்னார்கள். இடம்பெயர்ந்த மக்களாகிய நாமோ அந்த வீட்டை இரண்டு மூன்று தடவை கட்டிப்பார்த்தவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் கொட்டில் போட்டார்கள். 2008இல் கிளிநொச்சிப் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்த குடும்பங்கள் வீட்டு ஓட்டையும் சீற்றையும் தகரத்தையும் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போயின. கூரையையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த மக்கள் என்று எம்மைச் சொன்னால் அது மிகையாகாது. பல ஆண்டுகளின் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது பலர் கண்டதோ கூரையில்லாத சுவர்களை மட்டுமே.

ஆகவே கூரை என்பது எமக்கு வெறும் கட்டிட வேலையல்ல. குடும்பம் மீண்டும் குடும்பமாக ஒன்றுசேர்வதற்கான முதல் அடையாளம் அதுவே. இருந்தும், விதைநெல் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், கூரை வேலைக்கு ஆளைப் பிடிக்கும்போது ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. யார் முதலில் வருகிறாரோ, யார் குறைந்த கூலி சொல்கிறாரோ, அவரிடமே வேலையை ஒப்படைத்துவிடுகிறோம். "எல்லாக் கூரையும் ஒண்டுதான் அக்கா, நான் பாக்கிறன்" என்று அவர் சொன்னால் அதையும் நம்பிவிடுகிறோம்.

எல்லாக் கூரையும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து. ஓலைக் கூரைக்கு ஒரு கை, ஓட்டுக் கூரைக்கு வேறொரு கை, சீற்றுக் கூரைக்கு இன்னொரு கை வேண்டும். ஒருவர் ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பதால் மற்றதிலும் கெட்டிக்காரராகிவிட மாட்டார்.

கிடுகும் பனையோலையும்

ஓலைக் கூரையை ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் எம்மிடையே வளர்ந்திருக்கிறது. நல்ல ஓலைக் கூரையின் கீழ் பங்குனி, சித்திரை வெயிலில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நிரந்தர வீடு வரும்வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு மாத்திரமன்றி, குசினிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் விதை வெங்காயம் கட்டித் தூக்கும் கொட்டிலுக்கும் அது இன்றும் பொருத்தமானது.

ஓலைக்கு எதிரி ஈரமும் நெருப்பும். ஈரம் தங்காமலிருக்கக் கூரை நன்றாக நிமிர்ந்து நிற்கவேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் ஓடாமல் ஓலைக்குள் இறங்கும். ஒரே மாரியில் ஓலை உக்கிவிடும். எங்கள் ஊர்களில் 'வீடு மேய்தல்' என்று சொல்லும் இந்த வேலையை அறிந்தவர், முதலில் முகட்டு வளையின் உயரத்தைப் பார்ப்பார். பிறகு ஓலையை எடுத்துப் பார்ப்பார். பச்சை ஓலையை அப்படியே ஏற்றமாட்டார். மிதித்துப் பாரம் வைத்துக் காயவிட்ட ஓலையையே கேட்பார். இறப்பிலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக நெருக்கி ஏறுவார். முகட்டில்தான் அவரது கெட்டித்தனம் தெரியும். அங்கே கட்டு இளகினால் சோளகக் காற்று அதைப் பிரித்துவிடும்.

இவ்வேலை தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் வயது சென்றவர்கள். அவர்கள் தாமே கூரையில் ஏற முடியாதிருக்கலாம். அப்படியானால் அவரைக் கீழே கதிரையில் இருத்தி, ஊர் இளைஞர் இருவரை மேலே ஏற்றுங்கள். ஐயா சொல்லச் சொல்லப் பொடியள் கட்டட்டும். கூரையும் மேயப்படும், தொழிலும் கைமாறும். கிடுகை ஆண்டுக்கொரு தடவையோ இரண்டாண்டுக்கொரு தடவையோ மாற்றவேண்டியிருப்பதால், ஊரில் மேயத் தெரிந்தவர் இல்லாமற் போனால் அந்தக் கூரையும் இல்லாமற் போகும்.

நெருப்பு விடயத்தில் ஒரு சொல். குசினியை வீட்டோடு ஒட்டி ஓலையால் மேயும்படி கேட்டால் நல்ல தொழிலாளி மறுப்பார். அந்த மறுப்பைக் கோபிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓடு

ஓட்டுக் கூரைக்கு எதிரி அதன் பாரமே. பெரியவர்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்லும் தட்டை ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 முதல் 150 வரை தேவைப்படும். ஓர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். 500 சதுர அடி வீடொன்றின் கூரை, சரிவையும் இறப்பையும் சேர்த்தால் 700, 800 சதுர அடிக்கு வரும். அதாவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் ஒவ்வொரு நாளும் எமது தலைக்கு மேல் இருக்கிறது.

ஆகையால் ஓட்டுக் கூரைக்கு ஆள் தேடும்போது முதலில் ஓடு போடுகிறவரைத் தேடக்கூடாது. ஓடாவியைத் தேடவேண்டும். ஓட்டை அடுக்குவது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. அதைத் தாங்கும் வளையும் கைமரமும் சிலாகையுமே கூரை. நல்ல ஓடாவி உங்கள் ஓட்டில் ஒன்றைக் கையில் எடுத்து அளந்து பார்த்த பிறகே சிலாகை இடைவெளியைச் சொல்வார். எல்லாச் சூளையின் ஓடும் ஒரே நீளமல்ல. பழைய வீட்டில் கழற்றிய ஓட்டையும் புதிதாக வாங்கிய ஓட்டையும் கலந்து போட நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். ஒன்றோடொன்று கொளுவாத ஓடு எப்படிப் போட்டாலும் ஒழுகும். இரண்டு வகை இருந்தால் ஒரு பக்கச் சரிவுக்கு ஒரு வகை, மறுபக்கத்துக்கு மற்ற வகை என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

சரிவைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழான இடம் 10 அடி தூரமென்றால், முகடு சுவர் மட்டத்திலிருந்து 5 முதல் 6 அடி வரை உயரவேண்டும். மரம் மிச்சப்படுத்துவதற்காக மூன்றடியில் முடித்துவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். வாடைக்காற்றோடு மழை அடிக்கும்போது தண்ணீர் ஓட்டின் இடுக்கால் மேல்நோக்கி ஏறும்.

மரத்திலும் அவதானம் தேவை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை, கறையானுக்கு எளிதில் இடங்கொடாது. இளம் பனையோ சில ஆண்டுகளில் மாவாகிவிடும். மேலே நெய் பூசினாற்போல ஒன்றாகவே தெரியும் இரண்டையும் வெட்டுமுகத்தைப் பார்த்துப் பிரித்தறிபவரே ஓடாவி. பனை தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அனுமதியில்லாத மரத்தை மலிவாகத் தருகிறேன் என்பவர், நாளை வில்லங்கம் வந்தால் உங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

சீற்றும் தகரமும்

சீற்றுக்கும் தகரத்துக்கும் எதிரி காற்று. ஓடு தன் பாரத்தால் தானே கிடக்கும். சீற்று அப்படியல்ல, அதைப் பிடித்து வைத்திருப்பது ஆணியும் கொழுக்கியும் மாத்திரமே. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதிலும் பார்க்க, இறப்பாலும் முகட்டாலும் புகுந்து மேலே தூக்குவதே அதிகம். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் கேளுங்கள், தகரம் பறந்த கதையைச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவியும் 2025 நவம்பரில் டித்வாவும் வந்தன. இனியும் வரும்.

ஆதலால் சீற்றுப் போடுகிறவரிடம் பின்வருவனவற்றைக் கேட்கலாம். அவர் சொல்லும் மறுமொழியிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிடும்.

எந்தப் பக்கமிருந்து அடுக்கத் தொடங்குவீர்கள்? பெருங்காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புக்குள் காற்றும் மழையும் புகா.

ஆணியை எங்கே அடிப்பீர்கள்? நெளிவின் மேட்டில் என்பதே சரியான விடை. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியில் துளை போட்டதாகிவிடும்.

துளையை எப்படிப் போடுவீர்கள்? நார்ச்சீமெந்துச் சீற்றில் ஆணியை நேரே அடித்து இறக்கினால் அன்றைக்கோ அடுத்த கோடையிலோ வெடிக்கும். துறப்பணத்தால், ஆணியிலும் சற்றுப் பெரிதாகத் துளைத்து, றப்பர் வொஷரோடு இறுக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கவுங்கூடாது.

குறுக்கு மரங்களுக்கு இடையில் எத்தனை அடி விடுவீர்கள்? ஏறக்குறைய நாலடி. மரம் மிச்சமென்று ஐந்தடி, ஆறடி விட்டால் சீற்றுத் தொங்கும்.

கைமரத்தைச் சுவரோடு எதனாற் பிணைப்பீர்கள்? இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. சீற்று மரத்தைப் பிடித்திருந்தாலும், மரம் சுவரைப் பிடித்திராவிட்டால் காற்று கூரை முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கிச் செல்லும். சுவரின் மேல் படுக்கும் வளையைக் கம்பியாலோ இரும்புப் பட்டியாலோ சுவருக்குள் இறக்கிக் கட்டவேண்டும். சுவர் எழும்பும்போதே மேசன் அந்தக் கம்பியை விட்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே கூரைக்கு ஆள் தேடும் நேரம் சுவர் முடிந்த பிறகு அல்ல. மேசனும் ஓடாவியும் ஒரு தடவையாவது உங்கள் முற்றத்தில் ஒன்றாக நின்று கதைத்திருக்க வேண்டும்.

ஓட்டுக் கூரையைக் கழற்றிச் சீற்றுப் போடும் குடும்பங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஓட்டின் பாரத்தை நம்பிக் கட்டாமல் விடப்பட்ட பழைய கைமரங்கள், பாரம் குறைந்தவுடன் காற்றுக்குச் சொந்தமாகிவிடும். மறுபுறத்தில், சீற்றுக்காக அமைத்த மெல்லிய மரத்தின்மேல் வசதி வந்ததென்று ஓட்டை ஏற்றுவதும் ஆபத்தானது.

அஸ்பெஸ்ரஸ் பற்றி ஓர் எச்சரிக்கை

அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. இலங்கையில் 2018ஆம் ஆண்டிலிருந்து அதன் இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியதை அடுத்து அந்த முடிவு கைவிடப்பட்டது. அஸ்பெஸ்ரஸ் பெருமளவில் ரஷ்யாவிலிருந்தே வருகிறது. வணிகத்தின் கணக்கு அப்படி முடிந்தது. ஏழையின் நெஞ்சுச்சளியை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

கூரையில் முழுதாகக் கிடக்கும் சீற்றைப் பார்த்து நாம் பதறவேண்டியதில்லை. ஆபத்து தூசியில் இருக்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் அந்தத் தூசி பறக்கிறது. அதனால் வரும் நோய் இருபது, முப்பது ஆண்டுகள் சென்றபின் தலைகாட்டும். கிறைண்டரால் வெட்டித் தூசியைக் கிளப்பும் தொழிலாளி தனக்கும் கேடு செய்கிறார், முற்றத்தில் விளையாடும் உங்கள் பிள்ளைக்கும் கேடு செய்கிறார். தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் வெட்டி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வேலை செய்பவரையே பிடியுங்கள். திரும்பிய காணிகளில் உடைந்து கிடக்கும் பழைய சீற்றுத் துண்டுகளை வேலி அடைக்கவோ பாதையில் கொட்டி மிதிக்கவோ வேண்டாம். நனைத்து, உரப்பையில் கட்டி, ஆழக் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள். வசதியுள்ளவர்கள் அஸ்பெஸ்ரஸ் கலவாத சீற்றையோ ஓட்டையோ தெரிவு செய்வதே நல்லது.

ஆளைத் தெரிவதெப்படி?

தொழிலாளியின் பேச்சைக் கேட்பதிலும் பார்க்க அவர் செய்த கூரையைப் பார்ப்பதே மேல். புதிதாகச் செய்ததைப் பார்க்கவேண்டாம். புதுக் கூரை எல்லாம் அழகுதான். இரண்டு மாரி கண்ட கூரையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் "ஒழுக்கு இருக்கோ?" என்று கேளுங்கள். "ஒழுகினது, கூப்பிட்டனாங்கள், வந்து திருத்தித் தந்தவர்" என்று அவர் சொன்னால், ஒழுகவேயில்லை என்பதைவிட அது நல்ல சாட்சி.

கூலியை நாட்கூலியாகப் பேசுவதா, கொந்தராத்தாகப் பேசுவதா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். எதுவாயினும் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். மரம் யார் வாங்குவது, ஆணி யார் வாங்குவது, பழைய மரம் யாருக்கு, எத்தனை நாளில் முடிப்பது என்பவற்றை அதில் எழுதலாம். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, மூடியதும் ஒரு பங்கு, முதல் பெருமழைக்குப் பின் ஒரு சிறு பங்கு என்று பிரித்துக் கொடுக்கலாம்.

அதேவேளை இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாட்கூலிக்கு வந்தவரின் கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். இது இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் கற்பிக்கும் நீதி. கூரை வேலைக்கு வருபவரும் பெரும்பாலும் இடம்பெயர்ந்தவரே. அவருடைய வீட்டுக் கூரை எப்படியிருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? அதே நூலின் 22ஆம் அதிகாரம், புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைபிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லையேல் விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. எமது கூரைகளில் கைபிடிச் சுவர் கிடையாது. ஆனால் உறுதியான ஏணியும் இடுப்பில் ஒரு கயிறும் இருக்கலாம். நார்ச்சீமெந்துச் சீற்றின்மேல் நேரே கால் வைக்காமல் பலகை போட்டு நடக்கலாம். கயிறு கட்டுவதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிரிக்கும் தொழிலாளியை வேலைக்கு எடுக்காதீர்கள். விழுந்து முதுகு முறிந்தால் சிரிப்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இது தனிக் குடும்பத்தின் பிரச்சினை மட்டுமா?

2012இல் எமது பகுதிகளில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதி, வீட்டுக்காரரே தமது வீட்டைக் கட்டும் முறையில் அமைந்தது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலையின் முன்னேற்றத்துக்கேற்பத் தவணையாகக் கொடுக்கப்பட்டது. தம் வீட்டைத் தாமே கட்டும் உரிமை நல்லது. ஆயினும் சாமான்களின் விலையும் கூலியும் ஏறியபோது, பல குடும்பங்கள் கூரைக் கட்டத்துக்கு வரும்போதே கைப்பணம் முடிந்து கடன்பட்டன. அத்திவாரத்திலும் அறைகளின் அளவிலும் ஆசைப்பட்டுச் செலவழித்துவிட்டுக் கூரைக்கு மலிவான ஆளைத் தேடினோம். எந்தத் திட்டத்தில் வீடு கிடைத்தாலும் கூரைக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைக் கணக்குப் பார்ப்பதே புத்தி.

2016ஆம் ஆண்டில் 65,000 உருக்கு வீடுகளை ஆயத்தமாகக் கொண்டுவந்து பொருத்தித் தருவதாக ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. எமது மக்களும் துறைசார்ந்தவர்களும் அதை எதிர்த்தார்கள். வெப்பமும் செலவும் காரணங்களாகக் கூறப்பட்டன. எமது பார்வையில் இன்னொரு காரணமும் இருந்தது. ஊரிலுள்ள ஒருவராலும் திருத்தமுடியாத கூரை எமது கூரையாகாது. அது ஒழுகும் நாளில் யாரைக் கூப்பிடுவது? கூரையைத் தெரியும்போதே அதைத் திருத்தும் கையும் அருகில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஊரில் நல்ல ஓடாவி இருந்தால் ஓடு. மேயத் தெரிந்தவர் இருந்தால் இப்போதைக்கு ஓலை. இது பின்தங்கிய யோசனையல்ல. நின்று நிலைக்கும் அபிவிருத்தி இப்படித்தான் தொடங்கும்.

பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களை நாம் சிறப்பாக நினைவுகொள்ள வேண்டும். தனியாக இருக்கும் தாயிடம் அளவைக் கூட்டிச் சொல்வதும், முற்பணத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வராமலிருப்பதும் நாம் அறியாத விடயங்களல்ல. அவரோடு கூடப்போய் நின்று விலை பேசவும், தாளில் எழுதவும், வேலையைப் பார்வையிடவும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருவரை நியமிக்கலாம். ஒவ்வொரு ஊரிலும் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு கொப்பி வைத்திருக்கலாம். எந்த வீட்டின் கூரையை யார் செய்தார், எந்த வகை, எத்தனை மாரி தாங்கியது என்று அதில் எழுதிவந்தால், ஐந்தாண்டில் அது எந்தச் சான்றிதழிலும் பெறுமதியானதாகிவிடும். நல்ல தொழிலாளிக்கு அதனால் நட்டமில்லை. அவருடைய பெயர் அடுத்த ஊருக்கும் போகும்.

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. கூரைத் தொழிலைக் குலத்தோடு சேர்த்துப் பார்த்து ஒதுக்கிய காலம் போகவேண்டும். நாசரேத்தூரில் ஆண்டவர் வளர்ந்தது ஒரு தச்சரின் வீட்டில். முடக்குவாதக்காரரை இறக்குவதற்காக நாலுபேர் கூரையைப் பிரித்த நிகழ்ச்சியை நற்செய்தியில் வாசிக்கிறோம். மறுநாள் அந்தக் கூரையைத் திருத்த யாரோ ஒரு தொழிலாளி ஏணியோடு வந்திருப்பார். நற்செய்தி அவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவர் வராதிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் நனைந்திருப்பார்கள்.

ஐப்பசி பிறக்குமுன் செய்யவேண்டியவை பல உள்ளன. ஆவணியில் ஓடாவியைக் கேட்டால் அவருக்கு நேரமிருக்கும். ஐப்பசி இடி முழங்கிய பிறகு கேட்டால் ஊர் முழுவதும் அவரைத் தேடும். கிடைப்பவர் வேலை தெரியாதவராகவே இருப்பார். ஆகவே இன்றே முற்றத்தில் இறங்கி உங்கள் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அது எந்த வகை, அதன் எதிரி எது, அந்த எதிரியை அறிந்தவர் ஊரில் யார் என்று கேளுங்கள். பிறகு அயல்வீட்டுக் கூரையையும் பாருங்கள். அங்கே தறப்பாள்தான் கிடக்கிறதென்றால், உங்கள் வீட்டுக்கு வரும் தொழிலாளியை அரை நாளாவது அங்கும் அனுப்பிவையுங்கள்.